நெய் வரட்டும்

“குருவம்மா, ஒரே ஒரு அம்பைத் திருப்பறதுக்கு நான் யாரு கால்லதானுங்க விழோணும்?”

திருமூர்த்தி இப்படிக் கேட்டபோது குரு கோகிலவாணி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எந்த அம்பு?”

“ஜெயசீலன் வரைஞ்ச படத்துல இருக்குதுங்க. இடப்பக்கம் பாக்குது. வலப்பக்கம் பாக்கோணும்.”

“ஜெயசீலன்கிட்டயே சொல்றது.”

“சொன்னேனுங்க. பௌர்ணமி கழியட்டும்னு சொல்லிப்போட்டாருங்க.”

குரு பழத்தைத் தின்றார்.

மலை மேல் இருந்த அந்த மடத்தில் பூசை கிடையாது. மணி உண்டு, பந்தி உண்டு. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிரல் எழுதுவார்கள்.

மடத்துக்குச் சொந்தமாக ஓர் இணையத் தளம் இருந்தது. கீழே சமவெளியில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாம் தங்கள் நிரலை அந்தத் தளத்தில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்திலேயே ஒரு விளக்கப் பக்கமும் எழுதி வைப்பார்கள். இந்த நிரல் எதோடு பேசுகிறது, யாரிடம் வாங்கி யாரிடம் கொடுக்கிறது என்று அதில் இருக்கும்.

விளக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால் மூத்த சீடர் ஜெயசீலன் வரைந்து தருவார். ஒரு கட்டம், அதிலிருந்து ஓர் அம்பு, அம்பு போய் முட்டுகிற இன்னொரு கட்டம். அழகாகத்தான் வரைவார். ஆனால் நிரல் வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஜெயசீலனின் படம் மாறாது. வீட்டை இடித்த பிறகும் கதவு எண் மட்டும் தொங்குவதுபோல, என்றோ நீக்கிவிட்ட கட்டங்கள் படத்தில் சுகமாக இருந்தன.

“அதனால ஒரு யோசனைங்க,” என்றார் திருமூர்த்தி. “படத்தையும் எழுத்தாவே எழுதிப்போடலாம். இந்த மாதிரிங்க.”

தரையில் விரலால் எழுதிக் காட்டினார்.

வாசல் --> கூடம்

“இதைத் தளத்துல எழுதினா, பார்க்கறவங்களுக்கு ரெண்டு கட்டமும் ஒரு அம்பும் தெரியோணும். அம்பைத் திருப்போணும்னா எழுத்தைத் திருப்பினாப் போதும். யாரையும் கேக்க வேண்டாமுங்க.”

“யார் வரையறது?”

“தனியா ஒரு கம்ப்யூட்டருங்க. உக்கிராண அறையில அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வெக்கலாம். தளம் எழுத்தை அனுப்பும். அது வரைஞ்சு திருப்பி அனுப்பும். ஓவியன்னு பேர்கூட வெச்சுட்டேனுங்க.”

“தளம் ஓவியன்கிட்டப் படம் கேட்கும். கேட்டுட்டு?”

“நிக்குமுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“படம் வர்ற வரைக்குங்க. ஒருத்தர்கிட்ட ஒண்ணைக் கேட்டுப்போட்டு, பதில் வாங்காம நகர்றது மரியாதை இல்லீங்களே.”

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்ல வளர்ப்பு,” என்றார்.

திருமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

*

திருமூர்த்தி மடத்துக்குப் புதியவர். வயதில் மட்டும் எல்லோருக்கும் பெரியவர், குருவுக்கும் சேர்த்து.

உடுமலைப் பக்கம் தம்பியின் கோழிப்பண்ணையில் இருந்தவர். முட்டை எண்ணுவதற்காகத் தட்டுத்தடுமாறித் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். நிரல் பிடித்துவிட்டது. கோழிகள் பிடிக்கவில்லை. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அங்கே அவர் சொன்னது அவருக்கே கேட்காது. ஒரு நாள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்.

தம்பி அவ்வப்போது போன் செய்வார்.

“அண்ணா, புதுசா ஒரு கொட்டாய் போட்டிருக்கறனுங்ணா. எப்படியும் நீங்க திரும்பி வந்துருவீங்கன்னுதான்.”

பின்னால் கோழிகள் கத்தும். திருமூர்த்தி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்வார்.

மடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். தளத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் தளத்தைச் சாய்த்தவர் அன்றைய மதியப் பந்தி முடிவதற்குள் அதை எழுப்ப வேண்டும். முடியாவிட்டால், பந்தி முடிந்து கிளம்புகிற பஸ்ஸில் பெட்டியோடு மலை இறங்க வேண்டும்.

*

ஓவியன் வந்தான். வேலை செய்தான்.

மடமே பித்துப் பிடித்ததுபோல் ஆனது. நிரலுக்குப் படம் போட்டவர்கள் குளிக்கும் முறைக்குப் படம் போட்டார்கள். சமையல் துளசியம்மாள் சாம்பாருக்குப் படம் போட்டார். பெருங்காயத்துக்குத் தனிக் கட்டம். அவர் சம்பந்திச் சண்டைக்கும் ஒரு படம் போட்டார். அதில் எல்லா அம்பும் அவரைப் பார்த்தே வந்தன.

ஜெயசீலனிடம் யாரும் படம் கேட்கவில்லை. அவர் மௌன விரதம் இருந்தார். பேசுவதில்லை, எழுதுவதில்லை என்று தீர்மானம். ஒரு சிலேட்டில் படம் வரைந்து காட்டி, வேண்டியதைக் கேட்பார்.

முதல் நாள் பந்தியில் உப்பு வேண்டும் என்று ஒரு குவியல் வரைந்தார். சர்க்கரை கொண்டுவந்து வைத்தார்கள். தலையாட்டி மறுத்து, குவியலைச் சுற்றிக் கடல் வரைந்தார். மீன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

திருமூர்த்திக்கு ஒரு மனக்குறை மட்டும் இருந்தது. பக்கத்தைத் திறந்ததும், படம் வருவதற்கு முன் ஒரு கணம் அந்த எழுத்து எட்டிப் பார்த்தது. வாசல், கோடு, அம்பு, கூடம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டை போடாமல் குறுக்கே ஓடுவதுபோல் அவருக்குக் கூச்சமாக இருந்தது. எழுத்தை முழுவதுமாக மறைத்துவிட்டார். இனி படம் மட்டும்தான் தெரியும்.

குரு கவனித்தார்.

“இங்கே எழுத்து இருந்ததே?”

“மறைச்சுட்டேனுங்க. படம் வந்த பொறகு அதை யாருக்குங்க வேணும்?”

“சரி.”

அதோடு நிற்காமல், திருமூர்த்தி கடைசியாக ஒரு பக்கம் செய்தார். ‘ஓவியன் விழுந்தால் எழுப்புவது எப்படி’ என்பது அதன் தலைப்பு. எதையும் விட்டுவிடாத மனிதர். முதலில் என்ன செய்ய வேண்டும், பிறகு என்ன, அது நடக்காவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் எழுதி, ஓவியனை விட்டே வரைய வைத்தார். மடத்திலேயே அழகான படம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

“குருவம்மா, பாத்தீங்களா?”

“பார்த்தேன். ஓவியன் நல்லா வரைஞ்சிருக்கான்,” என்றார் குரு. “தன்னைப் பத்தின படம் இல்லையா.”

*

சமவெளியில் ஒரு கல்லூரியில் அன்று மாணவர்கள் தங்கள் வேலையைத் தளத்தில் ஒப்படைக்கும் கடைசி நாள். காலையிலிருந்தே கூட்டம்.

அதில் ஒரு மாணவி தன் ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதியிருந்தாள். கட்டம் எல்லாம் ஆட்கள். அம்பு எல்லாம் உறவு.

ஓவியன் வரையத் தொடங்கினான். ஒருவர் மாமன் மகளைக் கட்டியிருந்தார். அந்த மாமன் மகன் இவர் தங்கையைக் கட்டியிருந்தான். அவர்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டத்தை நகர்த்தினால் ஒன்பது அம்புகள் சிக்கின. சிக்கை எடுத்தால் சித்தப்பா மாமனாராகவும் வந்து நின்றார். ஓவியன் நகர்த்தினான், நகர்த்தினான், நகர்த்திக்கொண்டே இருந்தான்.

தளம் மரியாதையாக நின்றது.

அடுத்தவர் வந்து ஒரு பக்கத்தைக் கேட்டார். அதிலும் ஒரு படம். அந்தப் படத்துக்காகவும் தளம் நின்றது. அதற்கடுத்தவருக்கும் நின்றது. கடைசியில் படமே இல்லாத பக்கத்தைக் கேட்டவருக்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. தளம் முழுவதும் ஓவியன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கீழே எல்லோர் திரையிலும் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது.

திருமூர்த்தி உக்கிராண அறைக்கு ஓடினார். ஓவியனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். ஓவியன் கண் விழித்தான். வரையக் காத்திருந்த படங்களின் வரிசைத் தலையில் அதே சொந்தக்காரப் படம் நின்றது. மறுபடியும் மாட்டிக்கொண்டான். மறுபடியும் அணைத்தார். மறுபடியும் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

பதற்றத்தில் அவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. அதற்குத்தான் பக்கம் இருக்கிறதே என்று தன் பக்கத்தைத் திறந்தார்.

சக்கரம் சுற்றியது.

போன் அடித்தது.

“அண்ணா, தளம் விழுந்துருச்சாமே? நம்ம பொண்ணு சித்ரா காலேஜுல இருந்து சொன்னா. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வரட்டுங்களாண்ணா?”

கோழிகள் கத்தின.

*

குரு கை கழுவிக்கொண்டிருந்தார்.

“குருவம்மா, ஓவியன் விழுந்துட்டானுங்க.”

“எழுப்பறதுக்குப் பக்கம் எழுதினீங்களே.”

“அது தெரிய மாட்டேங்குதுங்க.”

“ஏன்?”

“ஓவியன் விழுந்துட்டானுங்க.”

குரு தலையை ஆட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“பந்திக்கு நேரமாச்சு. வாங்க.”

“எனக்குச் சோறு எறங்காதுங்க.”

“இலை போட்டாச்சு.”

போகிற வழியில் வாசலைப் பார்த்தார் திருமூர்த்தி. பஸ் நின்றது. அதன் மேலே அவருடைய தகரப் பெட்டி இருந்தது. கீழே ஜெயசீலன் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். உதவி செய்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

*

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். குருவுக்கு எதிரில் கண்டக்டர் நாட்ராயன். தினமும் மடத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கச் சொல்வார். டிரைவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருபவர், வண்டியிலேயே இருப்பார்.

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது.

குரு முதல் கவளம் எடுக்காமல் யாரும் இலையைத் தொடுவதில்லை. எல்லோரும் குருவைப் பார்த்தார்கள்.

“நெய் வரட்டும்,” என்றார் குரு.

எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நெய் வரவில்லை.

திருமூர்த்திக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. பந்தி முடிந்தால்தானே பஸ்? பந்தி தொடங்கவே இல்லையென்றால்? குருவம்மா தனக்காக நேரத்தை இழுக்கிறார். அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு குரு யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டார். கிடைத்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை. அதனால் அவரும் உட்கார்ந்திருந்தார்.

சோற்றின் ஆவி அடங்கியது.

நாட்ராயன் பொறுத்துப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க்கா, நெய் எங்க?”

“தீந்துபோச்சு,” என்றார் துளசியம்மாள். “வாங்கியாறக் குப்புராஜ் போயிருக்கறான்.”

“எங்க?”

“கீழ டவுனுக்கு. காலைல உம்பட பஸ்ஸுலதான் எறங்கினான்.”

“எப்பத் திரும்புவான்?”

“பஸ்ஸு வந்தா வந்துருவான்.”

“எந்த பஸ்ஸு?”

“இந்த மலைக்கு எத்தனை பஸ்ஸப்பா ஓடுது?”

நாட்ராயன் சன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

“அது இங்கதானக்கா நிக்குது!”

“அப்பப் போய்க் கூட்டியா.”

“சாப்பிடாம எப்படிப் போறது?”

“நெய் வராம எப்படிச் சாப்பிடறது?”

நாட்ராயன் குருவைப் பார்த்தார். குரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஜெயசீலன் சிலேட்டை எடுத்து எதையோ வரைந்து காட்டினார். பக்கத்திலிருந்தவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“தவளையா?”

ஜெயசீலன் அழித்துவிட்டு வேறு விதமாக வரைந்தார்.

“உக்காந்த தவளை,” என்றார் அவர்.

பருப்பில் ஏடு கட்டியது. ஓர் ஈ வந்து திருமூர்த்தியின் இலை ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் சாப்பிடாததைப் பார்த்து, தானும் தயங்கியது. எறங்காது என்று சொன்ன சோறு அவர் கண்ணெதிரே இருந்தது. வயிறு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் பந்திக்கே கேட்டது. நாட்ராயனின் வயிறு அதற்குப் பதில் சொன்னது.

மறுபடியும் ஹாரன்.

“நெய் வரட்டும்,” என்றார் குரு, யாரும் கேட்காமலே.

திருமூர்த்தி இதுவரை மடத்தில் குரல் உயர்த்தியதில்லை. கோழிப்பண்ணையிலும் உயர்த்தியதில்லை. இப்போது உயர்ந்தது.

“குருவம்மா! நெய் வந்தா ஊத்திக்கலாமுங்க. வராட்டிச் சோத்துக்கு என்னங்க கேடு? சோறு இருக்குது, பருப்பு இருக்குது. இத்தனை பேரு இப்படிக் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறோம். வேண்டியதெல்லாம் முன்னாலயே இருக்குதுங்களே!”

திருமூர்த்தியின் வாய் திறந்தபடியே நின்றது. கடைசியாகச் சொன்னதை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

குரு முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

“யார் வேண்டாம்னு சொன்னது?”

திருமூர்த்தி எழுந்தார். ஓடினார்.

“இலையை விட்டுட்டு எந்திரிக்கக் கூடாதுங்க!” என்று துளசியம்மாள் பின்னாலிருந்து கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

குரு பருப்பைப் பிசைந்தார். பந்தி முழுவதும் பிசைந்தது.

*

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் இரண்டே இடத்தில் கை வைத்தார்.

தளம் இனி ஓவியனிடம் கேட்கும். ஒரு கொட்டாவி விடும் நேரம் பார்க்கும். படம் வராவிட்டால் தன் வேலையைப் பார்க்கப் போகும். மரியாதைக் குறைவுதான். எழுதும்போது அவருக்குக் கை கொஞ்சம் கூசியது.

படம் வராத இடத்தில் என்ன காட்டுவது? தான் மறைத்து வைத்திருந்த எழுத்தை எடுத்து அந்த இடத்தில் விட்டார். சட்டை போடாமலே.

தளம் அசைந்தது. கீழே சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கங்கள் திறந்தன. படம் இல்லை, எழுத்து இருந்தது. வாசல், கோடு, அம்பு, கூடம். பார்த்தவர்கள் படித்துக்கொண்டு போனார்கள்.

அவர் தன் பக்கத்தைத் திறந்தார். ஓவியன் விழுந்தால் எழுப்புவது எப்படி? தானே தட்டிய வரிகள் வரிசையாக இருந்தன.

ஓவியன் விழுந்தான் --> வரிசைத் தலையில் நிற்பதை நீக்கு
வரிசைத் தலையில் நிற்பதை நீக்கு --> ஓவியனை எழுப்பு

திருமூர்த்தி அதைப் படித்தார். இவ்வளவு தெளிவாக யார் எழுதியது என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். பிறகு வரிசைத் தலையில் நின்ற சொந்தக்காரர்களைக் கும்பிட்டு ஓரமாக உட்கார வைத்தார்.

*

அவர் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தபோது பந்தியில் மோர் போய்க்கொண்டிருந்தது. யாரும் இன்னும் இலையை மடிக்கவில்லை.

தளம் எழுந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். மூச்சிரைப்பு சொல்ல விடவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஜெயசீலன் போனைப் பார்த்துவிட்டு சிலேட்டை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் தவளை இல்லை. ‘தளம் வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தது. பந்தி மொத்தமும் அதை ஒரே பார்வையில் படித்தது. அது அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். சிலேட்டைத் திருப்பித் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதற்குக் கீழே, சின்னதாக, ‘உப்பு’ என்று எழுதினார்.

உப்பு வந்தது.

திருமூர்த்தி தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆறிய சோறு, ஏடு கட்டிய பருப்பு. பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

நாட்ராயன் ஏப்பம் விட்டு எழுந்து, கை கழுவி, பையைத் தோளில் மாட்டினார். வெளியே ஹாரன் அலறியது. வாசலில் நின்று, எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த திருமூர்த்தியையும் குருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குருவம்மா, பெரியவரு வர்றாருங்களா? பெட்டி மேல ஏறிருச்சு. வர்றாருன்னா சொல்லுங்க, அவரு சாப்பிட்டு வர்ற வரைக்கும் நிக்கறேன்.”

“எதுக்கு நிக்கணும்?” என்றார் குரு. “பெட்டியை இறக்கி வெச்சுட்டு நீங்க கிளம்புங்க.”